கழட்டி சாரின் கட்டில்

ஃப்ரிட்ஜைத் திறந்து போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் நான், ஷாகுல், கழட்டி சார், அப்புறம் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குடியிருந்த பல்லி. இல்லாதவர்கள் வீட்டுக்காரரும் மெக்கானிக்கும். வீட்டுக்காரர் புதுச்சேரியில் இருந்தார். மெக்கானிக் எங்கே இருந்தார் என்று தெரியாது. கழட்டி சார் வாழும் வீட்டுக்குள் அதுவரை மெக்கானிக் கால் வைத்ததாகச் சரித்திரம் இல்லை. காரைக்காலில் அன்றைக்கு இருந்த எந்திரங்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம்: கழட்டி சாரின் கை பட்டவை, ஒழுங்காக ஓடுபவை.

அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் சம்பள நாளில் கேஷியர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று மற்றவர்களோடு சேர்ந்து அவரும் திரும்பிப் பார்ப்பார். எங்கள் ஆபீஸில் மற்ற குமாஸ்தாக்கள் பேனா செருகும் இடத்தில் அவர் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருப்பார். பேனாவை யாராவது இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் கவலைப்பட மாட்டார். ஸ்க்ரூ டிரைவரை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை.

வயது நாற்பது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஆபீஸில் ஒரு கதை உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரி வருவதற்குள், சுவர்க்கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறதே என்று அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாராம். பெண் வந்து நின்றபோது அவர் கையில் பெண்டுலம். நல்ல நேரம் போவதற்குள் சம்மதம் சொல்ல வேண்டுமென்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். நல்ல நேரம் போய்விட்டதா என்று பார்க்க அந்த வீட்டில் வேறு கடிகாரம் இல்லை.

இது நிஜமா என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"பொண்ணு எப்படி சார் இருந்தாங்க?"

"பொண்ணா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "ஸ்பிரிங் தேஞ்சு போயிருந்துச்சு தம்பி."

நான் அவரோடு குடியிருக்க நேர்ந்தது என் விருப்பத்தால் அல்ல. எனக்கு ஊர் கிளிஞ்சல்மேடு. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், அதை முடித்தும்விட்டு, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். வேலை கிடைத்ததும் டவுனில் அறை தேடினேன். எல்லா வீட்டுக்காரர்களும் அன்பாகத்தான் பேசினார்கள். "தம்பிக்கு எந்த ஊரு?" என்பது வரைக்கும். ஊரைச் சொன்னதும் அவர்கள் பார்வை என் பெட்டிக்குப் போகும். அதற்குள் ஒரு கூடை கானாங்கெளுத்தி இருப்பதுபோல் ஒரு முகம். அப்புறம் அந்த அறைக்கு அவர்களுடைய மச்சான் திடீரென்று வரப்போகிறார் என்பார்கள். காரைக்காலில் அந்த வருஷம் ஏகப்பட்ட மச்சான்கள் வரவிருந்தார்கள்.

ஊரைக் கேட்காத வீட்டுக்காரர் ஒரே ஒருவர்தான். அவரை சொல்தா ஐயா என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் சொல்தா என்று பெயர். அவர் என்னைக் கேட்டது இரண்டு கேள்வி. "சொவத்துல ஆணி அடிப்பியா? தரையில எச்சி துப்புவியா?" இல்லை என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் ஷாகுல் இருந்தான். கழட்டி சாரும் இருந்தார். கழட்டி சாரிடமும் அதே இரண்டு கேள்விதான் கேட்டிருப்பார் போல. மூன்றாவதாக, "எதையாவது கழட்டுவியா?" என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சுத்தம் செய்யும் நாள். காலையில் கழட்டி சார் சட்டையைக் கழற்றி மாட்டினார் என்றால், சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் கழற்றப்படாமல் மிஞ்சுவது எங்கள் கைலிகள் மட்டும்தான். சாம்பல், புளி, சலவைச் சோடா, மண்ணெண்ணெய் என்று நான்கு மருந்துகள் வைத்திருந்தார். இவற்றில் ஒன்றுக்கு மசியாத அழுக்கு உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. ஸ்டவ்வைப் பிரித்துத் திரிகளை வெளியே இழுத்து நுனி கத்தரித்து, பிள்ளைக்குத் தலை வாருவதுபோல் ஒவ்வொன்றாக நீவி விடுவார். மதியம் சாயும்வரை சோறு கிடையாது. பளபளக்கும் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருப்போம்.

ஒருமுறை ஈரத்துணியால் ஸ்விட்ச் போர்டைத் துடைத்தார். அடுத்த கணம் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நானும் ஷாகுலும் பதறிப்போய் ஓடினோம். அவர் மெதுவாகக் கண் திறந்து, "கரண்ட் இருக்கான்னு பாத்தேன். இருக்கு," என்றார்.

எந்தச் சாமானைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் நாலைந்து ஸ்க்ரூ மிஞ்சும். அதற்காக அவர் வெட்கப்பட்டதே இல்லை.

"கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி தம்பி. ஆறு போதுங்கற எடத்துல பத்துப் போடுவான். நாம பாத்துக் கொறைக்கணும்."

இப்படிக் குறைத்த ஸ்க்ரூக்களை ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு, துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருந்தார். என் அம்மா ஒருநாள் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு என்னைப் பார்க்க வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினோம். ஐஸ் என்றால் செத்த மீனுக்கு என்று மட்டுமே அறிந்தவள் அவள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் குளுருல லைட்டப் போட்டுக் காவ காக்குறீங்களே, அந்த ஊறுகா பாட்டிலு எப்படா செத்துச்சு?" என்று கேட்டாள்.

ரேடியோவில் முள்ளை நகர்த்தும் நூல் அறுந்துபோனது. கழட்டி சார் என் அப்பாவிடமிருந்து வலை பின்னும் நைலான் நூல் வாங்கிவரச் சொல்லி மாற்றினார். அது இனி ஜென்மத்துக்கும் அறாது. ஆனால் திருகை வலப்பக்கம் திருப்பினால் முள் இடப்பக்கம் போகும். திருச்சியை நினைத்துத் திருகினால் இலங்கை வரும். ஷாகுல் புகார் சொன்னதற்கு, "இலங்கையில பாட்டு நல்லா போடுவான், கேளேன்," என்று முடித்துவிட்டார்.

கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பழைய வள்ளத்தை உடைத்தார்கள். அந்தப் பலகைகளை விலைக்கு வாங்கி வந்து, தம் அறைக்குள்ளேயே வைத்துக் கட்டில் செய்தார். கடல் தண்ணீர் குடித்த மரம், யானை ஏறினாலும் தாங்கும். பெரிய ஸ்க்ரூவாக மூலைக்கு இரண்டு போட்டார். அவை உள்ளே முழுதாக இறங்காமல் தலையைத் துருத்திக்கொண்டு நின்றன. எல்லாம் முடிந்தபிறகுதான் ஷாகுல் அதைக் கவனித்தான்.

"அண்ணே, கட்டிலு வாசக்காலை விட அகலமால்ல இருக்கு. எப்படி வெளிய எடுக்குறது?"

"கட்டில் எதுக்குடா வெளிய போவணும்? அதுக்கென்ன கடைத்தெருவுல வேலையா?"

"வீடு மாறுனா?"

"மாறுனா கழட்டிக்கலாம். ஒண்ணு தெரிஞ்சுக்க. எதையும் கழட்டலாம். உடைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. உடைச்சிட்டா அப்புறம் எதைக் கழட்டறது?"

இதுதான் அவருடைய ஒரே கொள்கை. எங்கள் ஆபீஸ் புதுச்சேரி அரசாங்கத்தைச் சேர்ந்தது. மாற்றல் வந்தால் கேரளத்துப் பக்கம் இருக்கும் மாஹேவுக்கோ ஆந்திரத்துப் பக்கம் இருக்கும் யானத்துக்கோ தூக்கிப் போட்டுவிடுவார்கள். கழட்டி சாருக்கு அப்படி ஒரு மாற்றல் வர வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை தோறும் பசி வேளையில் நான் வேண்டிக்கொண்டதுண்டு.

சொல்தா ஐயா வருஷத்துக்கு ஒருமுறை வருவார். ஆனி மாதம், மாங்கனித் திருவிழாவுக்கு. பிச்சாண்டவர் ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். சாமி தாண்டியதும் இரண்டு பக்கத்து மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையை விரித்தும் குடையைத் தலைகீழாகப் பிடித்தும் அள்ளிக்கொள்வார்கள். சொல்தா ஐயாவின் சம்சாரம் உயிரோடு இருந்தவரை அந்த அம்மாதான் எங்கள் மாடியிலிருந்து இறைப்பார்களாம். அவர் போனபிறகு இவர். அந்த அம்மா சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததுதான் எங்கள் ஃப்ரிட்ஜ். வருகிறவர் முதலில் விறைப்பாக அதன்முன் நிற்பார். திறப்பார். கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால், "த்ரே பியேன்," என்பார், பிரெஞ்சில் பேஷ் என்று அர்த்தம். அப்புறம்தான் எங்களைப் பார்ப்பார்.

முந்தைய வருஷம் ஃப்ரிட்ஜ் நன்றாக இருந்தது. கெட்டது ஃபேன். அதை முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கழட்டி சார் இறக்கித் துடைத்து மறுபடி மாட்டியிருந்தார். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. காற்று கீழே வராமல் மேலே போயிற்று.

"சூட்டைக் கீழேர்ந்து உறிஞ்சி மேல அனுப்புது. இதான் சயின்ஸ்," என்று எங்களிடம் சொல்லியிருந்தார்.

சொல்தா ஐயா குளித்துவிட்டு வந்து, விபூதித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, ஃபேனைப் போடச் சொன்னார். போட்டேன். தட்டிலிருந்த விபூதி மொத்தமும் எழுந்து உத்தரத்துக்குப் பட்டை போட்டது. அவர் வெறுந்தட்டைப் பார்த்தார், மேலே பார்த்தார், கழட்டி சாரைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் நான் வரும்போது ஒண்ணே ஒண்ணு சரியில்லேன்னாலும் மூணு பேரும் வெளியே போயிடணும்."

நான் மறுபடியும் பெட்டியோடு, மச்சான்கள் வரவிருக்கும் தெருக்களில் அலைய வேண்டும். அந்த வருஷம் முழுக்க நானும் ஷாகுலும் வீட்டைக் காவல் காத்தோம். கழட்டி சாரும் பயந்துதான் இருந்தார். ஃபேனைச் சரியாகச் சுற்ற வைத்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"சார், ஃப்ரிட்ஜ் நல்லா ஓடுது. ஓடறதைத் தொடாதீங்க," என்று நான் கெஞ்சினேன்.

"நல்லா ஓடுதா? காதைக் கொடுத்துக் கேளு."

கேட்டேன். உர்ர்ர் என்று ஓடியது. கொஞ்ச நேரத்தில் டக்கென்று நின்றது.

"கேட்டியா? நிக்குது. பத்து நிமிஷம் ஓடுது, பத்து நிமிஷம் தூங்குது. நம்ம ஆபீஸ் மாதிரி. ஐயா வர்றப்ப இது தூங்கிட்டு இருந்தா நம்ம கதி என்னா?"

நான் படித்தவன். அச்சில் இருப்பதெல்லாம் சத்தியம் என்று நம்புகிறவன். ஃப்ரிட்ஜோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முழுக்கப் பிரெஞ்சு. ஆனால் ஒரு படம் இருந்தது. ஃப்ரிட்ஜுக்குள்ளே எண்கள் போட்ட சிறிய டப்பா ஒன்று, அதைத் தொடப்போகும் ஒரு கை, அந்தக் கைமேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

"சார், தொடக்கூடாதுன்னு போட்டிருக்கான் பாருங்க."

வாங்கிப் பார்த்தார். "அது சிலுவைடா தம்பி. நாம பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிக்கிறோம்ல, அவங்க சிலுவை போட்டு ஆரம்பிக்கிறாங்க. இந்த எடத்துலதான் ஆரம்பிக்கணும்னு வெவரமாப் போட்டிருக்கான்."

ஆரம்பித்தார். அந்த டப்பாதான் உள்ளே போதிய குளிர் வந்ததும் ஃப்ரிட்ஜை நிறுத்துவது என்று எனக்கும் ஷாகுலுக்கும் அப்போது தெரியாது. கழட்டி சாருக்கு அது தெரிந்துதான் இருந்தது. அது நிறுத்துவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "சோம்பேறி டப்பா," என்று சொல்லி அதைப் பிடுங்கினார். இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி டேப் சுற்றினார். டப்பா ஊறுகாய் பாட்டிலுக்குள் போனது. ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அப்புறம் நிற்கவே இல்லை. இரவும் பகலும் லாரி ஏற்றத்தில் ஏறுவதுபோல் ஒரே உறுமல். பல்லி இரண்டாம் நாளே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது.

திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம் சொல்தா ஐயா மாம்பழக் கூடையோடு வந்திறங்கினார். வாசக்கால் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். தூசி இல்லை. ஃபேனைப் போட்டுப் பார்த்தார். காற்று கீழே வந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து விரல்களை ஊதிக்கொண்டார்.

"த்ரே பியேன். பாரிஸ்ல ஜனவரி மாசம் இப்படித்தான் இருக்கும்."

கழட்டி சார் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். ஐயா சந்தோஷத்தில், "பழமெல்லாம் பஸ் சூட்டுல வெதும்பிப் போச்சு. ராத்திரி உள்ள இருக்கட்டும்," என்று கூடையிலிருந்த அத்தனை பழத்தையும் ஃப்ரிட்ஜுக்குள் அடுக்கச் சொன்னார். சாதாரண நாளில் நாலு தடவை போகும் கரண்ட், திருவிழாவை முன்னிட்டு அன்று ராத்திரி ஒரு தடவைகூடப் போகவில்லை.

மறுநாள் ஊர்வலச் சத்தம் கேட்டதும்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தோம். பழங்கள்மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. ஷாகுல் ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டினான். டொக் என்றது. சுவரில் காரை பெயர்ந்தது.

"யா அல்லாஹ். அண்ணே, இது மாம்பழமா, பீரங்கிக் குண்டா?"

கழட்டி சார் ஒரு பழத்தைக் கையில் உருட்டிப் பார்த்தார். முதன்முதலாக அவர் முகத்தில் ஒரு சந்தேகம் தோன்றியது. "கொஞ்சம் வேலை கூடத்தான் செஞ்சிருக்கு," என்றார்.

மேலே மாடியிலிருந்து ஐயா, "கூடையைக் கொண்டாங்க, சாமி வந்தாச்சு," என்று குரல் கொடுத்தார். வேறு பழமும் இல்லை, வாங்க நேரமும் இல்லை. கொண்டு போனோம். ஐயாவுக்குக் கண்ணில் புரை. பனி அவருக்குத் தெரியவில்லை. முதல் பழத்தை எடுத்தார். "ஜில்லுன்னு இருக்கு," என்று கண் கலங்கினார். சம்சாரத்தின் நினைவு வந்திருக்க வேண்டும். நான், "ஐயா, ஒரு நிமிஷம்," என்பதற்குள், சாமி தாண்டியிருந்தது, அவர் வீசியும் விட்டிருந்தார். பட்டாளத்துக் கை.

கீழே ஒருவர் குடையைத் தலைகீழாகப் பிடித்து ஆவலோடு நின்றிருந்தார். பழம் குடைக்குள் விழுந்தது. குடையைத் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போயிற்று. அவர் குடை வழியாக எங்களைப் பார்த்தார். இரண்டாவது பழம் சர்பத் வண்டியில் இருந்த கண்ணாடி ஜாடியைத் தேடிப்பிடித்து உடைத்தது. மூன்றாவது, கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றியது. அன்றைக்குக் கழட்டி சார் கையால் தொடாமல் கழற்றியது அது ஒன்றுதான்.

"எவண்டா மேலேர்ந்து கல்லு வுடறது?" என்றார் போலீஸ்காரர்.

ஐயாவுக்கு ரோஷம். "கல் இல்லய்யா, மாம்பழம்."

போலீஸ்காரர் குனிந்து எடுத்தார். கடித்துப் பார்த்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் சேர்ந்து ஜெயிலுக்குப் போவது என்று நான் தீர்மானித்தே விட்டேன். ஆனியின் உச்சி வெயில் தெருவில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பழத்தைக் கன்னத்திலேயே வைத்திருந்தார். பிறகு நெற்றிக்குக் கொண்டுபோனார். பிறகு பிடரிக்கு. கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா," என்றார் குரலை மாற்றி. "இன்னொண்ணு இருந்தா பாத்துப் போடுங்க. வீட்டுல சோறாக்கறவளுக்கு ஒண்ணு கொண்டு போறேன்."

இதற்குள் கூட்டத்திலிருந்து என் அம்மாவின் குரல் கேட்டது. மீன் ஐஸ் பழகிய குரல். "யாரும் கடிக்காதீங்க. பல்லு போயிரும். தண்ணியில போட்டு வெறைப்பு எறக்குங்க. டேய், எறியாதீங்கடா, கயித்துல கட்டி எறக்குங்கடா."

கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். எங்கள் வீட்டு வாசலில் அன்று கூடிய கூட்டத்தை ஒதுக்கப் போலீஸ்காரர் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. சொல்தா வீட்டில் ஜில் மாங்கனி என்று தெருக்கோடி வரை சேதி போனது. ஐயாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. கீழே இறங்கி வந்தார். ஒரு டம்ளர் ஜில் தண்ணீர் கேட்டார்.

அப்போதுதான் வீடு நிசப்தமாக இருப்பதைக் கவனித்தோம். ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் நின்றிருந்தது. ஷாகுல் போய் ஃப்ரிட்ஜின்மேல் கை வைத்தான். தோசைக்கல் போல் கொதித்தது.

"மௌத்தாயிருச்சுண்ணே," என்றான் மெல்ல.

ஐயா ஃப்ரிட்ஜைத் திறந்து ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தார். அதற்குள் இருந்த டப்பாவைப் பார்த்தார். ஃப்ரிட்ஜின் கதவை மெல்லச் சாத்தினார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"நான்தான் கழட்டினேன்," என்றார் கழட்டி சார். "இந்தப் பசங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான் போயிடறேன். இவங்க இருக்கட்டும் ஐயா. இந்தத் தம்பிக்கு இந்த ஊர்ல வேற வீடு கிடைக்காது."

எனக்கு வீடு கிடைக்காத கதையை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

ஐயா தலையாட்டினார். "நாளைக்குக் காலையில நான் பஸ் ஏறறதுக்குள்ள. உங்க சாமான் ஒரு துரும்பு உள்ள இருந்தாலும் காலி பண்ணினதாக் கணக்கில்லை. அது என் சட்டம்." சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

கழட்டி சார் கைவண்டி பேசக் கிளம்பினார். எங்கே போவார் என்று கேட்டேன். அவரை ஏற்கெனவே காலி செய்யச் சொன்ன வீடுகள் ஊரில் நிறைய. "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ் இருக்கு தம்பி. அங்க ஃபேனெல்லாம் ரொம்பப் பழசாம்," என்றார். தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்ளும் குரல்.

நான் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது. வீடு எனக்கு நிலைத்தது, ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு நேரத்துக்குக் கிடைக்கப்போகிறது. சந்தோஷமாக இருக்கப் பார்த்தேன். வரவில்லை. ஷாகுல் கொஞ்ச நேரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பிறகு கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தான். வந்ததும் ரேடியோவை இலங்கையில் வைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டினான்.

மறுநாள் காலை வாசலில் கைவண்டி நின்றது. பெட்டி போனது, படுக்கை போனது, ஊறுகாய் பாட்டில் போனது. மிஞ்சியது கட்டில். கழட்டி சார் சட்டையைக் கழற்றி மாட்டினார். பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முதல் மூலையில் வைத்தார். வழுக்கியது. அடுத்த மூலைக்குப் போனார். வழுக்கியது. கீழே மண்டியிட்டுக் கட்டைவிரலால் ஸ்க்ரூவின் தலையைத் தடவிப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் பதியும் காடி ஒன்றில்கூட இல்லை. எல்லாத் தலைகளும் கூழாங்கல் மாதிரி மொழுமொழுவென்று இருந்தன. பிறகு நிமிர்ந்து என் கைலியைப் பார்த்தார். அதில் இரும்புத்தூள் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தட்டிவிட மறந்திருந்தேன்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"துரு ரொம்ப ஏறிடுச்சு தம்பி," என்றார். ஸ்க்ரூ டிரைவரை, மாட்டியிருந்த சட்டையின் பையில் செருகினார்.

ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "ரம்பம் கொண்டாந்து அறுத்துத் தள்ளுங்க."

"கழட்டலாம் ஐயா. அறுக்கக் கூடாது."

ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மூலைக்கு மூலை போய் ஸ்க்ரூக்களைப் பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ, சொல்ல முடியாது. பிறகு என்னையும் ஷாகுலையும் பட்டாளத்தில் அணிவகுப்பைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். நாங்கள் விறைப்பாக நின்றோம்.

"கட்டில் உள்ள இருக்கு. அதனால காலி பண்ணினதாக் கணக்கில்லை," என்றார் கடைசியில். "காலி பண்ணாதவங்க வாடகை கொடுக்கணும். முதல் தேதி தவறக் கூடாது. வண்டிக்காரனைத் திருப்பி அனுப்புங்க, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

புதுச்சேரியிலிருந்து மெக்கானிக் வந்து ஃப்ரிட்ஜைச் சரிசெய்தார். அவர் இருந்தவரை கழட்டி சார் கடற்கரையில் போய் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் போனபிறகு வந்து தரையைப் பெருக்கினார். ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ கிடந்தது. அதை எங்களிடம் தூக்கிக் காட்டினார். பாட்டிலுக்குள் போட்டு மூடினார். அவர் வாழ்க்கையில் அதைவிட நிம்மதியான நாள் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் சொல்தா ஐயா வந்ததும் வாசலில் நின்று, "கட்டில் வெளிய வந்துச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்லீங்க," என்போம். "சரி, பழத்தை உள்ள வைங்க. ரொம்ப நேரம் வேணாம்," என்பார்.

மாற்றல் கடைசியில் எனக்குத்தான் வந்தது. யானத்திலிருந்து இதை எழுதுகிறேன். என் அறையில் ஃபேன் சரியாகச் சுற்றுகிறது. ரேடியோவில் திருகிய பக்கம் முள் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் சாப்பிட்டு முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கட்டில் இன்னும் அந்த அறைக்குள்தான் இருக்கிறதாம், கழட்டி சார் அதன்மேல்தான் படுக்கிறாராம். ஷாகுல் எழுதியிருந்தான்.

குடைக்கும் சர்பத் ஜாடிக்கும் மெக்கானிக்குக்கும் கழட்டி சார் தம் சம்பளத்திலிருந்தே கொடுத்துத் தீர்த்தார். எங்களிடம் ஒரு காசு வாங்கவில்லை. அவரை அந்த வீட்டில் நிறுத்தி வைக்க எனக்கும் ஷாகுலுக்கும் ஆன செலவு, திருவிழாவன்று சாயங்காலம் இரும்புக்கடையில் வாங்கிய அரம் ஒன்று, இரண்டே முக்கால் ரூபாய்.